சாவியைத் திருப்பினால் ‘டிக்’

சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்னொரு முறை திருப்பினேன். மறுபடியும் ‘டிக்’.

பக்கத்து இருக்கையில் மகள், மடியில் சான்றிதழ் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்குக் கிள்ளானில் அவளுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்தில் மலாயில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்போது மணி ஆறே முக்கால். ஜெராம் ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து நடந்துபோய்ப் பஸ் பிடித்தால், கிள்ளான் போய்ச் சேரப் பத்தாகிவிடும். என் கணவர் ஆலையில் இரவு ஷிப்டு. எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் படம் போட்டுக் காட்டுகிறேன். அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் கையில் கோப்பிக் குவளையோடு வெளியே வந்தார். பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்து லோரியை ஓட்டுகிறவர்.

“என்னா டீச்சர், காடி சண்டித்தனம் பண்ணுதா?”

“டிக்குனு மட்டும் கேக்குதுண்ணே. பிள்ளைக்கு இன்னைக்கு இன்டர்வியூ.”

அவர் குவளையைச் சுவரில் வைத்தார். “தள்ளிருவமா?”

“தள்ள முடியாதுண்ணே. ஆட்டோ கியரு.”

கிளட்ச் மிதிக்கப் பயந்து, பார்த்துப் பார்த்து ஆட்டோ கியர் கார் வாங்கியவள் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஹார்ன் அடிங்க.” அடித்தேன். வரிசை வீடுகளின் கோழிகள் எல்லாம் அலறின. “ஹார்ன் நல்லா இருக்கு. கியரை நியூட்ரல்ல போட்டுத் திருப்புங்க.” டிக். “சரி, இருங்க.” பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரோடு குனிந்து ஸ்டார்ட்டரை நாலு தட்டுத் தட்டினார். “இப்ப.” டிக்.

“ஸ்டார்ட்டர் போயிருச்சோ என்னமோ” என்றார். ஸ்டார்ட்டர் என்றால் பட்டறை. பட்டறை திறக்க ஒன்பது மணி.

மகள் எப்போதோ இறங்கிக் காருக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். எதிரே பள்ளிக்கூடச் சுவரில் எங்கள் கார் விளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. “மா, இன்னொரு தடவ திருப்பு” என்றாள். திருப்பினேன். “பாத்திங்களா அங்கிள்? திருப்புனா லைட்டு செத்துப் போவுது. விட்டா பளிச்சுனு வருது.”

அண்ணன் நிமிர்ந்தார். “அட ஆமா லா. பேட்டரி வீக்குன்னா எப்பவுமே மங்கலாத்தான் எரியும். இது நல்லா எரியுது. கரண்டு இருக்கு, வழியில எங்கயோ மாட்டிக்குது.” பேட்டரி முனையைப் பிடித்திருந்த கவ்வியைத் தொட்டவர் கையை உதறினார். “சுடுது.” துணியால் பிடித்துத் திருகினார், அது சட்டென்று ஆடியது. கழற்றினார். உள்ளே மஞ்சளாக, காய்ந்து, ஓடு போல ஒட்டியிருந்தது.

“டீச்சர், பேட்டரிக்கும் சந்தனம் வச்சிங்களா?”

வைத்தேன். முந்தின நாள் ஆயுத பூஜை. மறுநாள் பயணம் நல்லபடியாக அமைய வேண்டுமே என்று, கவ்விகளைக் கழற்றி, பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீரால் கழுவி, இரண்டு முனைகளுக்கும் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, அதன்மேலேயே கவ்வியை மாட்டிக் குறடால் ஒரு திருகு திருகியிருந்தேன். அப்போது எனக்கு அத்தனை திருப்தி.

அண்ணன் லோரியிலிருந்து உப்புத்தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “நான் தொடமாட்டேன். நீங்க வச்ச பொட்டு, நீங்களே எடுங்க.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் கையும் எழவில்லை. மகள் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறாள். அன்று விஜயதசமி வேறு. அந்த நேரத்தில் என் கையாலேயே பொட்டை அழிப்பதா? கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.

“மா, சாமி பேட்டரிக்குள்ளயா உக்காந்திருக்கு? தேய் மா” என்றாள் மகள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. குரல் உடைந்திருந்தது.

தேய்த்தேன். ஈயம் வெள்ளியாக மின்னும்வரை இரண்டு முனைகளையும் தேய்த்தேன். அண்ணன் கவ்விகளை மாட்டி ஸ்பேனரால் இறுக்கினார். “ம், திருப்புங்க.”

ஒரே உறுமல். கார் குலுங்கியது, நானும் குலுங்கினேன். மகள் கதவை அறைந்து சாத்தினாள். சக்கரத்தடியில் பூஜைக்கு வைத்திருந்த நான்கு எலுமிச்சம்பழங்களும் படபடவென்று நசுங்கின. அண்ணன் ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. காப்பார் ஊரைத் தாண்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம், சிரித்தோம், ஒரு சிவப்பு விளக்கைக்கூடக் கவனிக்காமல் தாண்டியிருப்பேன். வாசலில் நிறுத்தியபோது ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவள் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.

நான் இஞ்சினை அணைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம். காவலாளி இரண்டு முறை வந்து பார்த்தார்.

“அக்கா, காடிய அடைங்க லா. பெட்ரோல் வீணாவுது.”

“அடைச்சா திரும்ப எடுக்குமோ என்னமோ, தம்பி.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மகள் ஒரு தாளோடு வந்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் இடம் உறுதியாம். அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். எட்டு மணி என்றுதான் போட்டிருந்தது, மூன்று முறையும்.

நாளைதான் அந்தச் செவ்வாய். இன்று சாயங்காலத்திலிருந்து நான்கு முறை வெளியே போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். நான்கு முறையும் எடுத்தது. ஐந்தாவது முறை எழுந்தபோது மகள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இப்படியே பண்ணிட்டிரு. பேட்டரி நெசமாவே செத்துரும்.”