அமாவாசை முகாமில் ஒரு தறிக்காரர்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்த கடைசி வருடங்களில், எங்கள் சனிக்கிழமை முகாம்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து எச்.ஆர். ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். சமோசாவை நாங்களே தின்று தீர்ப்போம்.

ஒருநாள் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி மேனேஜர் ஒருவர், நெல்லூர்க்காரர், பேனரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன சார், உங்க ஊர்ல யாருக்கும் வேலை வேணாமா? அடுத்த தடவையும் இப்படின்னா நாங்க வரமாட்டோம்."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு வாயெடுத்தேன். எங்கள் அலுவலர் சாகிரா மேடம் தடுத்துவிட்டார். "விடுங்க லோகு சார். ஏன் வரலைன்னு வராதவங்களைத்தான் கேக்கணும்."

கேட்கவும் போனார். பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்ற நெசவாளரின் வீட்டுக்குள் நுழைந்தோம். அவர் நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் ராஜேஸ்வரி புடவைக் கரைக்கான நூலோடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். டிப்ளமோ முடித்த பெண். கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

"சனிக்கிழமை நான் எழுந்து வந்தா அப்பா எப்படி மேடம் நெய்வாரு?" என்றாள். "அமாவாசைன்னா எங்க தெருவுல தறியெல்லாம் லீவு. அன்னிக்கு வைங்களேன்."

மேனேஜருக்கு போன் போட்டோம். "அமாவாசையிலயா? எங்க பக்கம் அன்னைக்கு நல்ல காரியம் எதுவும் தொடங்க மாட்டோமே!" என்றார். மேடம் விடவில்லை. "எங்க பக்கம் தொடங்கலாம் சார். ஒரு தடவை வந்து பாருங்க."

வந்தார். அன்று நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினேன். ராஜேஸ்வரி தேர்வானாள். திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

சற்று நேரத்தில் அழுத கண்களோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் தடுக்கல மேடம்," என்றார் ஏகாம்பரம். "ஆனா பக்கத்துல ஆள் இல்லன்னா பாதிப் பொடவையில தறி நின்னுடும். அதனால போவ மாட்டேன்னு அழுதுக்கினு இருக்குது."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் தோன்றியது. மேடம் வேறொன்று கேட்டார். "அப்போ உங்களுக்கு ஒரு ஆள் வேணும். கூலி குடுப்பீங்க இல்ல?"

"குடுக்காம எப்படிமா?"

"அப்போ நீங்களும் வேலை குடுக்கறவர்தான். வந்து உக்காருங்க."

"மேடம், முகாம்னா கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரெல்லாம் கேப்பாங்களே..." என்று இழுத்தேன்.

"நாற்காலி கேக்காது லோகு சார். ஒண்ணு போடுங்க."

நெல்லூர் மேனேஜருக்குப் பக்கத்தில் போட்டேன். தறிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேடமே மைக்கில் அறிவித்தார். தென்னேரியிலிருந்து வந்திருந்த தமிழரசி எழுந்து வந்தார். படிப்பு போதவில்லை என்று எல்லாக் கம்பெனிகளும் திருப்பி அனுப்பியிருந்தன. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடிகிற வேலை அவருக்கு வேண்டும்.

ஏகாம்பரம் விறைப்பாக உட்கார்ந்து, பேட்டி எடுத்தார். "கை நிதானமா இருக்குமாம்மா?"

"நாத்து நட்ட கைண்ணா. வரிசை தப்பாது."

"அப்ப வந்துடும்மா. மத்தத நான் சொல்லித் தரேன்."

"எங்களை விட இவர் வேகமா ஆள் எடுக்கறாரே!" என்று மேனேஜர் சிரித்தார். கிளம்பும்போது அவரே கேட்டார்: "அடுத்த அமாவாசை எப்போ மேடம்?"

திங்கட்கிழமை காலை, மனம் கேட்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ராஜேஸ்வரி கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து தமிழரசி இறங்கினார். "அக்கா, அப்பாக்கு டீ லேட்டானா கோவம் வந்துடும். பாத்துக்கோங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு ராஜேஸ்வரி தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது.

இப்போது இந்த அலுவலகத்தில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேலை கேட்டு ஒருவர் வந்தால், என்ன படித்திருக்கிறார் என்று கேளுங்கள். எந்த இடத்தைக் காலியாக விட்டு எழுந்து வந்திருக்கிறார் என்றும் கேளுங்கள். மேடம் கேட்டார். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது.