கடல் பெட்டி, களப்புப் பெட்டி

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டேன். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய ஒரு நாளில் பேசாமல் நின்றதைத்தான் எழுதப் போகிறேன்.

போன கிழமை மகன் தேங்காயளவு ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தான். எங்கே வைப்பது என்று கேட்டேன். "எங்க வெச்சாலும் ஒண்டுதான் அப்பா" என்றான். பெட்டியைப் பிரித்தபோது எழுந்த புது ஸ்பொஞ்சு மணம் என்னை மாம்புரிக்குக் கொண்டுபோய்விட்டது.

சண்டைக் காலம். நானும் கணேசும் உடப்புக்காரர். சிலாபத்தில் ஒரு ரேடியோக் கடையில் வேலை. (அங்கே இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.) மாம்புரி ஹாஜியார் ஒருவர் பாட்டுக் கேட்பதற்கென்றே அறை கட்டி, சிங்கப்பூரிலிருந்து இடுப்பளவு ஸ்பீக்கர்கள் இரண்டு இறக்கியிருந்தார். அடியில் வைக்கும் கருங்கல் அடுத்த நாள்தான் வரும். அன்றைக்கு இடம் குறிக்க மட்டும் போனோம்.

சுவரை ஒட்டி வைத்தால் சத்தம் கும்மென்று குழம்பும். இரண்டு பெட்டியும், கேட்பவர் இருக்கும் கதிரையும் முக்கோணமாக நிற்க வேண்டும். சரியாக அமைந்தால் பாடுகிறவர் நடுவே, வெறும் இடத்தில் வந்து நிற்பார்.

"செவத்துல இருந்து மூணடியா? பெட்டிக்கும் செவத்துக்கும் என்ன கோவமா மகன்?" என்றார் ஹாஜியார்.

"கோவமில்ல ஹாஜியார், கிட்டப் போனாக் கத்தும். எங்கட முதலாளி மாதிரி" என்றான் கணேசு.

மாம்புரி ஒடுங்கிய நிலம். ஒருபுறம் கடல், மறுபுறம் கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பு. இடது வலது எனக்கு எப்போதும் மாறிப்போகும். ஆகவே தாளில் ஒரு பெட்டிக்குக் 'கடல்' என்றும் மற்றதற்குக் 'களப்பு' என்றும் எழுதி, அடிக்கணக்குப் போட்டு, இரண்டிலிருந்தும் கோடிழுத்து, கதிரை வரும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டேன். என் சட்டைப் பை கிழிந்திருந்தது. கணேசு தாளை வாங்கித் தன் பையில் வைத்தான்.

திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். தாளை விரித்த சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது. அது இன்னும் மோசமாய்ப் போனது.

"கடல். களப்பு. இந்தப் புள்ளடி என்ன?"

"பாட்டுப் பெட்டி வைக்கிறதுக்கு, சேர்."

"பாட்டுப் பெட்டிக்குக் கடல் என்னத்துக்கு? யார் கீறினது?"

கணேசு என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். கூச்சம் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கூச்சமில்லை.

"நான்தான் சேர்" என்றான் அவன்.

பஸ் என்னை ஏற்றிக்கொண்டு போனது.

அவனை இரண்டு வருஷம் கழித்துத்தான் விட்டார்கள். இடது காது கேட்கவில்லை. என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவுமில்லை. படகேறி இத்தாலிக்குப் போய்விட்டான். எத்தனை பெட்டியை எப்படி வைத்தாலும், பாடுகிறவர் நடுவில் வந்து நிற்பது அவனுக்கு இனி இல்லை.

கணேசைப் பிடித்த மறுநாள் கருங்கல் வந்தது. முதலாளி போகச் சொன்னார், போனேன். தாள் தேவைப்படவில்லை, அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். பெட்டிகளை வைத்து முடித்ததும், "எங்க மத்தப் புள்ள?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சுகமில்ல" என்றேன்.