கண்ணால் போட்ட எடை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பியை இரும்புக் கணக்கில் எழுதினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

தம்பி பெயர் முருகேசன். வயது ஐம்பத்து நாலு. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — பிறந்ததிலிருந்தே அவனுக்குப் புத்தி வளர்ச்சி குறைவு. எண்ண வராது. வலித்தால் எங்கே என்று சொல்ல வராது. அம்மா போன பிறகு என்னோடு டெல்லியில் இருக்கிறான். நான் துவாரகாவில் மூன்று வீட்டில் சமைக்கிறேன். அவன் எங்கள் சந்து முனையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் நமஸ்தே சொல்வான்.

கொஞ்ச நாளாக நமஸ்தே குறைந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துகொள்கிறான். தீபாவளிக்கு சரோஜினி நகரில் எடுத்த பேன்ட் ஹோலிக்குப் போட முடியவில்லை. பட்டனை நகர்த்தித் தைத்தேன். மறுபடி நகர்த்தினேன். இப்போது நாடா.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, நர்ஸ் முன்னால் போனோம். எடை மெஷின் தரையில் கிடந்தது. கண்ணாடி. சின்னது. கால் வைத்தால் ஆடும், சிவப்பாக எண் மின்னும்.

“வாணாங்க்கா. உடைஞ்சிடும்.”

“உடையாதுடா. ஏறு.”

“நான் உடைச்சா திட்டுவாங்க.”

பின்னால் நீள வரிசை. நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “சோடோ அம்மா. அந்தாஜ் ஸே லிக் தேத்தே ஹைன்.” விடும்மா, குத்துமதிப்பாக எழுதிக்கொள்ளலாம் என்கிறாள். எழுதியும் விட்டாள். எண்பது.

நான் ஐந்தாவது வரைதான். ஹிந்தி எழுத்து வராது. எண் தெரியும். பழைய சீட்டுகளைப் புரட்டினேன். போன வருடம் எண்பது. அதற்கு முந்தின வருடமும் எண்பது. ஒவ்வொரு தடவையும் இவன் ஏற மாட்டேன் என்றிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் யாரோ கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இல்லை... முந்தினவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நானும் கூடவே நின்றிருக்கிறேன். கேட்கவில்லை. அது என் தப்பு.

அடுத்து டாக்டர். சின்னப் பெண். நல்ல பெண்தான். பேசியது ஹிந்தியில், நான் தமிழில் சொல்கிறேன்.

“வெயிட் அப்படியேதானே இருக்கு, ஆன்ட்டி? வருஷா வருஷம் எண்பது.”

“யாரும் நிறுக்கவே இல்ல, மேடம்.”

“இவங்க உடம்பு இப்படித்தான் இருக்கும். இந்த வயசு வரைக்கும் வந்ததே பெரிசு. ஏன் கஷ்டப்படுத்துறீங்க? இஷ்டப்பட்டதைச் சாப்பிட்டுச் சந்தோஷமா இருக்கட்டும்.”

இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? எனக்குக் கேட்டது வேறு. போகட்டும் என்று கேட்டது.

“மேடம், நான் சமைக்கிற ஒரு வீட்ல நாய் இருக்கு. மாசாமாசம் எடை பாக்கிறாங்க. அது மெஷின்ல நிக்காது. அதோட டாக்டர் அதைத் தூக்கிக்கிட்டு அவரே ஏறி நிக்கிறார்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “உங்க தம்பியை நான் தூக்கவா, ஆன்ட்டி?”

“வாணாம். நான் நிறுத்துக் கொண்டாரேன். அந்த எண்பதை மட்டும் அடிங்க.”

அடிக்கவில்லை. “கொண்டு வாங்க, பாக்கலாம்,” என்றாள். அது போதும்.

எங்கே நிறுப்பது? உடைந்துவிடும் என்றுதானே பயப்படுகிறான்... அவனால் உடைக்க முடியாத தராசு எது? கபாடி கடைத் தராசு. நம் ஊரில் காயலான் கடை என்போமே, அதுதான். தரையோடு தரையாக ஓர் இரும்புப் பலகை. சைக்கிள், பீரோ எல்லாம் அதில் ஏறும்.

கடைக்காரர் ரயீஸ் பையா ஒரு பழைய பிரிட்ஜை நிறுத்துக்கொண்டிருந்தார். “ஆவோ முருகேஷ் பாய்! என்ன தீதி, இவரையும் போட வந்துட்டீங்களா?”

“போட இல்ல, பையா. நிறுக்க.”

முருகேசன் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை இறக்கியதும் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை.

“பிரிட்ஜே ஏறுது. நான் ஏறுறேன்,” என்றான். செருப்பை அவனே கழற்றினான். ஏறி நின்றான். ராஜா மாதிரி.

ரயீஸ் பில் புத்தகத்தை எடுத்தார். இரும்பு, பித்தளை, பேப்பர் என்று அச்சடித்த புத்தகம். “எதுல எழுதட்டும்?”

“லோஹா!” என்று கத்தினான் முருகேசன். இரும்பு!

96.400.

அந்த ரசீதை டாக்டர் மேசையில் வைத்தேன். படித்துச் சிரித்தாள். பிறகு எண்பது எழுதிய சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதினாள்.

சர்க்கரை ஏறியிருந்தது. தைராய்டும் சரியில்லை. “இப்படித்தான் இருக்கும்” என்றார்களே, அந்த உடம்புக்கு இப்போது தினமும் மாத்திரை. எத்தனை வருடமாக இது இருந்ததோ... யார் கண்டது?

ஆளை எடை போடுவது என்று நாம் சொல்வோம். பார்த்த உடனே போட்டுவிடுவோம். முருகேசனை ஐம்பத்து நாலு வருடமாக எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள். தராசில் ஏற்றிப் போட்டவர் ஒரே ஒருத்தர். பழைய இரும்பு வாங்குகிறவர்.

எங்கள் சந்தும் லேசுப்பட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கோயில் பூந்தி, யார் வீட்டு விசேஷமென்றாலும் பூரி, ஜிலேபி — முதல் தட்டு இவனுக்குத்தான். கொடுத்தால் புண்ணியமாம். இவர்கள் புண்ணியமெல்லாம் இவன் வயிற்றில் சேர்ந்தது. இப்போது வேண்டாம் என்கிறேன். பக்கத்து வீட்டுச் செல்விக்கு என்மேல் கோபம்.

“பாவம்க்கா, ஒரு ஜிலேபிதானே. அதுக்கு வேற இன்னா சந்தோசம் இருக்குது?”

“அதுக்கு இல்ல செல்வி. அவருக்கு. உன் வூட்டுக்காரரை விட மூத்தவரு.”

செல்வி நீட்டிய ஜிலேபியைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

“சந்தோசம் குடுக்கணும்னா சாயந்தரம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு சுத்து நட.”

ரோஷத்தில் போனாள். மூன்றாம் நாள் முட்டி வலி என்று படுத்துக்கொண்டாள். விடுவானா? இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு முருகேசன் போய் அவள் கதவைத் தட்டுகிறான்.

இந்த வாரம் மறுபடி ஆஸ்பத்திரி. போகிற வழியில் கபாடி கடை. ரயீஸ் கேட்கவே இல்லை, இரும்பில் எழுதினார். 94.300.

டாக்டர் ரசீதைப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு என்று எழுதிப் பேனாவை மூடினாள்.

“முந்நூறு கிராம் விட்டுட்டீங்க, மேடம்.”

“முந்நூறு கிராம்தானே, ஆன்ட்டி?”

“அதுவும் என் தம்பிதான். எழுதுங்க.”