பாதிரியார் வீட்டுச் சுவர்

போன வாரம் எங்கள் பெங்களூரு வீட்டில் டைல்ஸ் ஒட்ட வந்தவர், ஒட்டி முடித்ததை, உள்ளே காலியாக இருக்கிறதா என்று ஒரு நாணயத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்று சத்தம் கேட்டதும் என் மனசு கோலார் தங்கவயலின் ஊரிகத்துக்குப் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் தங்கவயலில்தான் எனக்கு முதல் வேலை, கட்டட வரைபடம் போடுவது. டிப்ளமோ வாங்கிய சூடு ஆறாத கர்வம் வேறு. ஊரிகத்தில் ஒரு பழைய பாதிரியார் வீடு இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த யாரோ ஒரு பாதிரியார், தன் ஊர் வீட்டை நினைத்தே கட்டியது. கனத்த கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல், வெண்பனி சறுக்கி விழுவதற்கென்று செங்குத்தான கூரை. கோலாரில் பனிக்கு எங்கே போவது? அதில் குரங்குகள்தான் சறுக்கின.

கூடத்துச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. சபைக் கமிட்டி என்னைப் பார்க்கச் சொன்னது. தட்டினேன், காலிப் பானையைத் தட்டினாற்போல் இருந்தது. 'சுவர் உள்ளுக்குள் கெட்டுவிட்டது, வீட்டை இடிப்பதே நல்லது' என்று எழுதிக் கொடுத்தேன். இடிக்க நாளும் குறித்துவிட்டார்கள். அங்கே குடியிருந்த பாஸ்டரம்மா என்னைத் திட்டவில்லை. காபி கொடுத்தார். அதுதான் உறுத்தியது.

சும்மாவும் இருக்கவில்லை அவர். பாட்டுக்குழுவில் பாடும் ரத்தினம் அண்ணனை அழைத்து வந்தார். அண்ணன் சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டு கொடுப்பவர்; ஷிப்டு தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையைக் கம்பியால் தட்டி, நிற்குமா விழுமா என்று சொல்கிறவர். சுவரைத் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் புள்ளி வைத்தார். புள்ளிகள் சேர்ந்து இரண்டு கோடுகளாயின, நூல் பிடித்தாற்போல், கூரை வரைக்கும்.

"இன்னா சார், கெட்டுப்போன செவுரு இவ்ளோ நேராவா கெடும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது.

"ஒடைச்சே பாத்துடுங்கண்ணே," என்றார் பாஸ்டரம்மா.

உடைத்தால், உள்ளே குளிர்காயும் கணப்பு! அதற்கு மேலே புகைபோக்கி. யாரோ எப்போதோ அதைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். செங்கல் கல்லோடு ஒட்டாத இடம்தான் விரிசல். கூரையில் புகைபோக்கியின் வாயை மூடியிருந்த தகரத்தைப் பிடுங்கிவிட்டு, தைலமரச் சுள்ளியைக் கொளுத்தினோம்.

"பொகை வருது! பொகை வருது!" என்று தெருவே கூடிக் கை தட்டியது. கமிட்டிச் செயலாளர் என் அறிக்கையை நீட்டினார். நானே வாங்கி நெருப்பில் போட்டேன். தோற்றுப்போய் அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்டுக்கு ஊதும் சங்குச் சத்தம் நின்றது. ரத்தினம் அண்ணன் ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய், அங்கேயே காலமானார். பாதிரியார் வீடு மட்டும் ஜம்மென்று நிற்கிறது. மார்கழியில் இன்றும் கணப்பு மூட்டுகிறார்களாம்.

டைல்ஸ்காரர் போனபிறகு நானும் நாணயத்தை எடுத்துத் தட்டினேன். எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.