பூட்டிய ஹாஸ்டலில் ஒரு விசில்

என் வேனில் ஏறி எனக்கே கதை விட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எங்கள் ஹாஸ்டல் வார்டனம்மாவும் என் காதில் பூ சுற்றுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘விசில்’. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அது எப்போதும் தொங்கும். எழுப்ப, குளிக்க, சாப்பிட, விளக்கணைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் வேலைக்கு வந்தவர், மாடி மூலை அறையிலேயே தலை நரைத்துவிட்டார். அந்தப் பெண்பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமான் எதைக் கண்டாலும் பிடுங்கி அலமாரியில் போட்டுப் பூட்டுவார். “லீவுக்குப் போறப்ப வாங்கிக்கோ” என்பார். ஊருக்குப் போகிற குஷியில் அதுகள் மறந்துவிடும்.

குளிர்கால விடுமுறைக்கு ஹாஸ்டல் மொத்தமும் காலியாகும். கடைசிப் பிள்ளையும் போன பிறகு வார்டனம்மா தம்பி வீட்டுக்குக் கிளம்புவார். பஸ் ஸ்டாண்டில் விடுவது நான்தான். போன வருஷம் சமையல் அக்காவும் மகள் வீட்டுக்கு என்று மூட்டையோடு ஏறினார். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர்களுக்குள் பால், உப்பு தவிர வேறு பேச்சே கிடையாது.

பெட்டியை இறக்கிக் கொடுத்து, “தம்பியக் கேட்டதா சொல்லுங்க மேடம்” என்றேன்.

“சொல்றேன்” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தம்பி அங்கே இருந்தால்தானே சொல்வதற்கு? வீட்டை விற்றுவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போயிருந்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான் கூடப்பிறந்தவளுக்குப் போன் செய்தாராம். எனக்கு இன்னும் அந்த ஆள் மேல் ஆத்திரம் தீரவில்லை. வார்டனம்மா இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. போக்கிடம் இல்லாதவள் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது. பிள்ளைகள் காதில் விழுந்தால் அப்புறம் விசிலுக்கு என்ன மரியாதை? அதனால் என் வேன் கண்ணுக்கு மறைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்பி, பின்வாசல் சாவியைப் போட்டு, சொந்த ஹாஸ்டலுக்குள் திருடியைப் போல நுழைந்தார்.

விளக்குப் போட்டால் வாசல் காவலாளி பார்த்துவிடுவார். அதனால் பொழுது சாய்ந்ததும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொண்டார். பகலில் சுருட்டி வைத்த மெத்தைகளுக்கு நடுவே நடந்தார். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சின்னப் பெண் அம்மாவை நினைத்து அழுவாள். “அழக் கூடாது” என்று அதட்டிய அதே கட்டிலில் உட்கார்ந்து இவர் அழுதார். போன் அடிக்கவே இல்லை. நான் இங்கே செத்துக்கிடந்தாலும் பிள்ளைகள் வந்துதான் பார்க்கும் என்று நினைத்துக்கொண்டாராம்.

ஒருநாள் விடிகிற நேரம். நல்ல தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவர், நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் கூடத்துக்கு வந்து, பழக்கதோஷத்தில் விசிலைப் பலமாக ஊதிவிட்டார். ஊதிய பிறகுதான் காலிக் கட்டில்கள் கண்ணில் பட்டன. அப்போது கீழே சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பால் இன்னும் காயல மேடம், கொஞ்சம் பொறுங்க.”

அது சமையல் அக்காவின் குரல்.

சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள், படுக்க இடமில்லை, அடுத்த லீவுக்கு வா என்று மகள் சொல்லிவிட்டாள். சமையல் அக்காவும் பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்படியே திரும்பி, தன்னிடமிருந்த சமையற்கட்டுச் சாவியைப் போட்டு நுழைந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே முடங்கியிருந்தார். தூக்கக் கலக்கத்திலும் விசிலுக்குப் பதில் சொல்லியே அவருக்குப் பழக்கம்.

மாடிப்படியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

“நீங்க மகள் வீட்டுக்குப் போகலையா?”

“போயிட்டுத்தான் இருக்கேன் மேடம்” என்றார் சமையல் அக்கா.

வார்டனம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து அழுகையில் போய் முடிந்தது. சமையல் அக்கா அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். “வாங்க, சூடா டீ போடறேன்.”

அன்று மத்தியானம் பொழுது போகாமல் பறிமுதல் அலமாரியைத் திறந்தார்கள். சாவி கொடுத்தால் தத்தும் ஒரு தகரத் தவளை கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் விட்டார்கள். அது விளிம்புக்குப் போகும்போதெல்லாம் நாலு கைகள் ஏந்த ஓடின. அடியில் சோப்புக் குமிழி ஊதும் டப்பா ஒன்று காய்ந்து கிடந்தது. சமையல் அக்கா பாத்திரம் விளக்கும் சோப்பில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். வார்டனம்மா ஊதினார், பட்டென்று உடைந்தது.

“விசில் ஊதற மாதிரி ஊதாதீங்க. மெதுவா.”

அடுத்தது பெரிதாக வந்தது. கட்டில்களுக்கு மேலே அசைந்து அசைந்து போனது. ஜன்னல் வெயிலில் அதன் மேல் பச்சையும் ஊதாவும் ஓடின. இத்தனை வருஷமாக இதைப் பிடுங்கி மட்டுமே வைத்தவர், ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி அதன் பின்னாலேயே ஓடினார். ‘ஓடக் கூடாது’ என்று அவரே எழுதி மாட்டிய பலகைக்குக் கீழேயே ஓடினார். “அக்கா, இங்க பாருங்க, இங்க பாருங்க” என்று கத்தினாராம். அதுவரை அவர் வாயில் அக்கா என்ற சொல்லே வந்ததில்லை.

இதையெல்லாம் சமையல் அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னார். நானும் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

பள்ளி திறந்த அன்று காய்கறிக் கூடையோடு நான் சமையற்கட்டு வாசலில் நின்றேன். சாப்பாட்டு வரிசையில் அந்த ஜன்னலோரக் கட்டில் பெண் தட்டை நீட்டியபடி கேட்டாள்.

“மேடம், லீவுக்குத் தம்பி வீட்டுக்குப் போனீங்களா?”

வார்டனம்மாவின் கை விசிலைப் பிடித்துக்கொண்டது. அதட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“இல்ல. இந்தத் தடவை எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.”

“உங்களுக்கு அக்கா இருக்காங்களா? உங்கள நல்லா பாத்துக்கிட்டாங்களா?”

“நல்லா பாத்துக்கிட்டாங்க.”

சமையல் அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. பிறகு, “வரிசையில பேசக் கூடாது, நகரு நகரு” என்று அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னக்கா என்றேன். கண்ணில் புகை பட்டுவிட்டது என்றார். கேஸ் அடுப்பில் ஏது புகை? நானும் நம்பியவனைப் போலக் கூடையை இறக்கி வைத்தேன்.