ஊதா நூல் கட்டிய கிட்டார்

என் வீட்டுக்காரருக்குக் கிட்டார் ரிப்பேர்தான் தொழில். கடைச் சுவரில் ஒரே ஒரு படம்: சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டாரோடு நிற்கும் அந்தக் கலைஞர். முப்பது வருஷமாகக் காலையில் அவர் ரெக்கார்டைப் போடாவிட்டால் இவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூக்கடைத்துக்கொண்டு அழுவது போன்ற சத்தம். எனக்குப் பல்வலி வந்த நாளில்கூட நிறுத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிட்டாரில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்குப் போய்விடுவார். "எல்லாம் அவரு விரல்ல இருக்குய்யா," என்பார்.

கலைஞர் இறந்து மூன்றாம் மாதம் அவருடைய மகள் அந்தக் கிட்டாரையே கொண்டுவந்து மேசையில் வைத்தார். மியூசியத்துக்குக் கொடுக்கப் போகிறாராம்.

"உள்ள ஏதாவது கோளாறு இருந்தா சரி பண்ணிக் குடுங்கய்யா. எனக்குத் தெரிஞ்சு அப்பா இதை யாரையும் திறக்க விட்டதில்ல. சத்தம் போயிடும்னு பயம்."

இவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பின்மூடியைக் கழற்றினார். முகத்தில் ஈயாடவில்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒயர்களைச் சேர்த்து ஊதாத் தையல் நூலால் இரட்டை முடிச்சு போட்டிருந்தது. அப்படிக் கட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். இருபது வயதில் இவர் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது யாருடையது என்றே தெரியாமல் வெறும் டோக்கன் எண்ணோடு வந்துபோன நூற்றுக்கணக்கான கிட்டார்களில் இதுவும் ஒன்று. கம்பியின் அதிர்வை வாங்கும் இரண்டு பிக்கப்புகளில் ஒன்றுக்கு ஒயரைத் தவறுதலாக இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தார். சத்தம் மூக்கடைத்தது அதனால்தான்.

பேசாமல் மூடிவிடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். இவர் என்றைக்கு என் பேச்சைக் கேட்டார்? "இது நான் பண்ண தப்பும்மா," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"வேற எந்தக் கிட்டார்லயும் அப்பாவுக்கு இந்தச் சத்தம் வரல," என்றார் அந்தப் பெண். "தன் விரல்லதான் குறைன்னு நெனச்சாரு. கடைசி வரைக்கும் மணிக்கணக்கா வேற கிட்டார்ல பழகிட்டே இருந்தாரு. விரல் நுனி வெடிச்சு ரத்தம் வரும். அப்பவும் விடமாட்டாரு."

இவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கும்பிட்ட மனிதரை இத்தனை வருஷம் வதைத்தது தன் கைதான் என்பது இவருக்கு உறைக்கவே நேரம் பிடித்தது.

"இப்ப சரி பண்ணட்டுமாம்மா?"

"வேண்டாம். இருக்கற மாதிரியே மூடிடுங்க."

பழைய நூல் தொட்டதும் இற்றுப்போனது. புது நூல் எடுத்தார். இரண்டு தடவை போட்டும் முடிச்சு விழவில்லை. நான்தான் வாங்கிப் போட்டேன்.