முதலைக்குப் பல்வலி

குளோரி டீச்சரின் ஒன்றாம் வகுப்புக்கும் என் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் முதலை அழுதால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு தப்பிவிடும். கொட்டாரத்துக்குப் பக்கத்தில், எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில், வருஷா வருஷம் எனக்கு இந்தக் கொடுமை.

முதலை என்றால் படப்புத்தகத்து முதலை. அதற்குப் பல்வலி. பிடுங்க வந்த குரங்கு வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது, தவளை ஓடுகிறது, எருமை மயங்கி விழுகிறது. புத்தகத்தில் எருமை விழுகிற பக்கம் வந்தால் குளோரி நிஜமாகவே தரையில் விழுவாள். ஐம்பது வயசுக்காரி, கஞ்சி போட்ட சேலையோடு, தொப்பென்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒன்று. காலையில் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுகிற பிள்ளைகள் அந்த முதலைக்காகத்தான் கையை விடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் காட்டுவாள். மிச்சத்தைப் பார்க்க மறுநாள் வரவேண்டும்.

இந்த வருஷம் எருமை விழுந்த வெள்ளிக்கிழமை, அவள் தரையில் கிடக்கும்போது பார்த்துத் தாளாளர் ஜஸ்டஸ் உள்ளே வந்துவிட்டார். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை முதல் இந்தப் புத்தகம் வகுப்பில் இருக்கக் கூடாது என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார். கடைசிப் பக்கம் பாக்கி. முதலைக்கு என்ன ஆனதென்று தெரியாமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று குளோரி சோறு இறங்காமல் அழுதாள். எனக்கே அந்த மனுஷன் மேல் ஆத்திரம் வந்தது.

ஞாயிறு ஆராதனையில் போதகர் வழக்கம்போல ஜெப விண்ணப்பம் உண்டுமா என்று கேட்டார். ஒருவர் மகனின் குவைத் விசாவுக்காக எழுந்தார், ஒருத்தி முழங்கால் முட்டு ஆபரேஷனுக்காக. அடுத்து முன்வரிசையில் ஒன்றாம் வகுப்பு ஷைஜா எழுந்தாள்.

"முதலைக்குப் பல்லு வேதனை. ஜெபிக்கணும்."

"எந்த முதலைக்கு மக்கா?"

"குளோரி டீச்சருக்க முதலைக்கு."

சபை சிரித்தது. ஆனால் டெனிஷ், ஜெஸ்பின் என்று அந்த வகுப்பே எழுந்து கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுவிட்டது. போதகர் பாவம், என்ன செய்வார்? விசாவுக்கும் முட்டுக்கும் பிறகு முதலையையும் சேர்த்து ஜெபித்தார். குளோரி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஜஸ்டஸ் நேராக எங்களிடம் வந்தார். இவள் வேலைக்கு உலை வைத்தாயிற்று என்றே நினைத்தேன். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், அந்தப் பல்ல யாராவது பிடுங்குனாவளா?"

குளோரிக்குத் தெம்பு வந்துவிட்டது. "அத இப்பம் சொல்ல முடியாது சார். நாளைக்கு வகுப்புக்கு வாங்க."

வந்தார். குட்டிப் பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். கணக்கை மூடிவைத்துவிட்டு நானும் என் வகுப்பும் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் முதலை ஒரு தும்மல் போட்டது. பல் தெறித்து எருமையின் தலையில் விழுந்தது. பிள்ளைகள் கூச்சல் போடுமுன் ஜஸ்டஸ் எழுந்து நின்று, கண்ணை மூடி, "ஆமென்" என்றார்.